மூன்று மெய்

டல்வின்னி தாண்டியதும் கியர்பாக்ஸ் உயிரை விட்டது.
பனிக்கம்பங்களின் ஓரம்
ஒன்றரை மணி நேரம் நின்றாள் இஷ்பெல்.
பிறகு டுகல்ட் வந்தான், தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு சுழல.
பதினொரு வருஷத்துச் சிவப்புக் காரைச்
சங்கிலி போட்டு இழுத்து லாரியின் முதுகில் ஏற்றினான்.
"சரிபண்ணவா, உடைக்கவா?"
"உடைக்க."

பெர்த் வரை அறுபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு.
பேச வேறொன்றும் இல்லாததால்
ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள்.
முன்னால் போகும் வண்டியின் எண் பலகை,
அதில் கடைசி மூன்று எழுத்து.
அதே வரிசையில் அவை வருகிற ஒரு சொல்.
நடுவே யாரை வேண்டுமானாலும் நுழைக்கலாம்.
ஊர்ப் பெயர் செல்லாது. குட்டிச் சொல் ஜெயிக்கும்.

ஆடு ஏற்றிய லாரி: எஸ், பி, என்.
ஸ்பூன் என்றான் டுகல்ட், பெருமையாக.
ஸ்பின் என்றாள். ஓர் எழுத்து மிச்சம்.
பிடித்துப்போயிற்று அவனுக்கு.

பால் வண்டி: பி, ஆர், கே.
ஒரே மூச்சில் இருவரும் பிரேக் என்றார்கள்.
அவன் சொன்னது காலால் மிதிப்பது.
அவள் சொன்னது உடைவது.
காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.
ஏ எங்கே உட்கார்கிறது, ஈ எங்கே உட்கார்கிறது
என்பதில் இருக்கிறது எல்லாம்.

நம் எழுத்தில்
மெய்யின் தலைப்புள்ளியைத் துடைத்தால் போதும்,
கூப்பிடாமலே அகரம் வந்து ஏறிக்கொள்ளும்.
இந்தச் சாலையில் மெய்கள் வெறும் மெய்களாகவே ஓடுகின்றன,
மணிக்கு அறுபது மைலில்.
உயிர்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல்
எங்கோ தனியே நிற்கும்.
போய்த்தான் அழைத்துவர வேண்டும்.

"பின்னால் இருக்கிறதே என் கார்," என்றாள்,
"ஜே, கே, எக்ஸ்.
பதினொரு வருஷம் தேடினோம், நானும் ஃபின்லேயும்.
கிடைக்கவே இல்லை."

டுகல்ட் கண்ணாடியில் பார்த்தான்.
ஜே திரும்பியிருந்தது, கே திரும்பியிருந்தது,
எக்ஸ் மட்டும் எப்படிப் பார்த்தாலும் எக்ஸ்.
இண்டிகேட்டர் போட்டான்.
பால் வண்டியை முந்தினான்.
"ஜூக்பாக்ஸ்," என்றான்.

அவளுக்குத் தெரியும்.
நாலாவது வருஷத்திலிருந்தே தெரியும்.
அவீமோரில் ஒரு காபிக் கடை,
மூலையில் பச்சையும் சிவப்புமாய் விளக்கெரிய
காசு கேட்டு நின்றுகொண்டிருந்தது அது.
வாய்வரை வந்ததை ரொட்டியோடு விழுங்கினாள்.
சொல்லிவிட்டால்
அடுத்த சிக்னலில் எதைப் பற்றிப் பேசுவது?

"சுலபம்தானே," என்றான் டுகல்ட்,
"உங்கள் ஆளுக்கு வார்த்தை ஓடாதோ?"

ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை
பேனாவால் நிரப்புகிறவன் ஃபின்லே.
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பிட்லாக்ரி போயிற்று.
ஆற்றின் மேல் பாலம் ஒன்று போயிற்று.
எந்தக் கடையிலும் சுவருக்கு முதுகு கொடுத்து,
கதவைப் பார்த்தே உட்காருவான்.
அன்றைக்கு மட்டும்
அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
ஏற்கெனவே கரைந்துவிட்ட சர்க்கரையைக்
கிளறிக்கொண்டே இருந்தான்.

உடைப்புக் களத்தில் காந்தம் இறங்கியது.
மூன்று இடத்தில் கையெழுத்து.
"பலகை வேண்டுமா அம்மா? இரண்டு திருகாணிதான்."
வேண்டாம் என்றாள்.
டுகல்ட் கை அசைத்துவிட்டுப் போனபோது
அவன் வண்டியின் எழுத்துகளை அவள் படிக்கவில்லை,
வேண்டுமென்றே.

பேருந்து வந்தது. அதையும் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள்.
எம், எல், டி.
மைல்ட்.
நாலே எழுத்து. இதைவிடச் சின்னது கிடையாது.
டிக்கெட் வாங்கிக்கொண்டு
ஜன்னலோரம் காலியாக இருந்தும்
நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தாள்.